கொழும்பில் கல்வாழை: மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் செய்யவேண்டியவை

டிசம்பர் நடுப்பகுதியில் கொழும்பில் மழை தணிந்து விடியற்காலைகளில் மெல்லிய குளிர் தெரியத் தொடங்கும்போது, கல்வாழை வளர்க்கப் புதிதாகத் தொடங்கியவர்கள் பலருக்கு ஒரே கவலை வருகிறது. பூத்து முடிந்த தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, அடி இலைகள் பழுத்துத் தொங்குகின்றன, மேல் இலைகளின் ஓரம் காய்கிறது. இதைப் பார்த்து, குளிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து வீட்டுக்குள் வைக்கவேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள். அந்த அறிவுரை பிழையானதல்ல; ஆனால் அது நமது ஊருக்கு உரியதல்ல.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவும் கல்வாழை வளர்க்கிறார். ஒக்டோபரில் முதல் உறைபனி இலைகளைக் கருக்கியதும் கிழங்கைக் கிண்டி, மண்ணை உதறி, தும்புத்தூளில் புதைத்து வைத்துவிடுவார். "பேஸ்மென்ட்டில பெட்டிக்குள்ள வைச்சிட்டன், இனி மே மாதம்தான் வெளியில எடுக்கலாம். நீ எப்ப கிண்டுறாய்?" என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டார். "நான் கிண்டுறதில்லை அக்கா, தைப்பொங்கல் முடியப் பிரிச்சு நடுவன்" என்றேன். ஒரே செடிதான், அங்கே உறைபனியிலிருந்து கிழங்கைக் காப்பாற்றுவது வேலை, இங்கே ஓயாமல் வளர்ந்து தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும் செடியைப் புதுப்பித்துவிடுவது வேலை. கொழும்பில் கல்வாழையைக் கொல்வது குளிரல்ல. தேங்கும் நீரும், வருடக்கணக்கில் பிரிக்கப்படாத நெரிசலுமே அதைக் கெடுக்கின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவது இதையே.

முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்வாழை என்றும் மணிவாழை என்றும் நாம் அழைக்கும் இச்செடியைச் செடிக் கடைகளில் 'கன்னா' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். சிங்கள அயலவர்கள் இதன் உண்ணக்கூடிய வகையைப் 'புத்சரண' என்பார்கள். அதன் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கார்ல் லின்னேயஸ் 1753 இல் இதன் ஓர் இனத்துக்கு 'இண்டிகா' என்று பெயரிட்டிருந்தாலும், இதன் தாயகம் இந்தியாவல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளே. வாழையும் இஞ்சியும் மஞ்சளும் அடங்கிய பெரிய தாவரக் குழுவைச் சேர்ந்தது என்பதால், இஞ்சியோ மஞ்சளோ நட்டுப் பழகியவருக்குக் கல்வாழையின் பழக்கவழக்கம் பாதி தெரிந்ததுதான்.

மண்ணுக்குச் சற்றுக் கீழே கிழங்கு பக்கவாட்டாகப் படர்ந்துகொண்டே போகும். கிழங்கின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு தண்டு எழும். அந்தத் தண்டு இலை விட்டு, நுனியில் பூத்து, அத்தோடு தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். குலை ஈன்ற வாழை மறுபடி குலை தள்ளாததைப் போலவே, பூத்து முடிந்த கல்வாழைத் தண்டும் மறுபடி பூக்காது. ஆகவே டிசம்பரில் நீங்கள் காணும் சாய்ந்த தண்டுகள் குளிரால் நோயுற்றவை அல்ல. மழைக்காலத்தில் பூத்து, தம் வேலையை முடித்துக்கொண்டவை. பக்கத்தில் மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தால், அடுத்த தண்டுக்கான இளஞ்சிவப்பு முனை அநேகமாகத் தயாராக இருக்கும்.

வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கல்வாழையின் வளர்ச்சி மந்தமாகும். உறைபனி பட்டால் இலைகள் கருகும். மண்ணுக்குள் கிழங்கே உறைந்தால் செடி இறந்துவிடும். கொழும்பிலோ டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகை அளவிலேயே நிற்கிறது. இந்தக் குளிர் நமக்குப் போர்வையைத் தேட வைக்கலாம். கல்வாழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மழைக் கணக்கைப் பாருங்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அது தலா 100 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. எப்போது நடுவது, எப்போது வெட்டுவது, எப்போது கைவைக்காமல் இருப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியது இந்த மழைக் கணக்குத்தான்.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேரடி வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாமர நிழலில் நட்ட கல்வாழை இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நெடுநெடுவென்று வளரும், பூக்காது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்குச் சாய்வாக நிற்பதால், வடக்குப் பக்கம் உயர்ந்த மதிலை ஒட்டிய பாத்திக்கு வெயில் நன்றாகக் கிடைக்கும். தெற்கே அடுக்குமாடி எழும்பியிருந்தால் அதே பாத்தி அந்த மாதங்களில் முழு நிழலில் கிடக்கும். இடத்தை முடிவு செய்யுமுன், ஒரு நாள் காலையும் மதியமும் மாலையும் போய் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் மண் மணற்பாங்கானது. ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடும். உட்புறமாகப் போகப்போகக் கிறவல் கலந்த செம்மண்ணும், சில இடங்களில் வயலையும் சதுப்பையும் நிரப்பிய மண்ணும் வரும். மணலுக்கு நீரைப் பிடித்து வைக்கும் பொருள் தேவை. கெட்டியான மண்ணுக்கு நீரை வடியவிடும் பொருள் தேவை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்றாக மக்கிய கூட்டெரு. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெருவும், மணல் நிலமானால் மேலும் ஒரு பங்கு தும்புத்தூளும் சேர்க்கலாம். தும்புத்தூளை ஒருமுறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே கலக்கவேண்டும். அதில் உப்பு தங்கியிருப்பது உண்டு.

கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் உப்பைச் சுமந்து வந்து இலைகளைக் கிழிக்கும். வாடை வீசும் மாதங்களில் காற்று நிலப்பக்கமிருந்து வருவதால் உப்பு குறைவு, ஆனால் ஈரமும் குறைவு. ஜனவரியில் இலை ஓரம் காய்வதற்கு முதற் காரணம் இந்த உலர்ந்த காற்றும், மழை நின்றதும் நாம் நீரூற்ற மறந்துபோவதும்தான். மேற்குப் பக்கத்தில் மதிலோ வேலியோ உள்ள இடம் சோளகக் காலத்துக்கு நல்லது.

கிழங்கு வாங்குதலும் நடுதலும்

கல்வாழைக் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்றில்லை. ஏற்கெனவே வளர்ப்பவர் எவரிடம் கேட்டாலும், பிரிக்கும் காலத்தில் மகிழ்ச்சியோடு தருவார். அவருக்கும் இடம் வேண்டும். குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் பத்தரமுல்லை தியத்த உயனவில் உள்ள செடிக் கடைகளிலும், நகர எல்லைக்கு வெளியே வீதியோரங்களில் உள்ள நாற்றுமேடைகளிலும் தேடலாம். பூத்து நிற்கும் செடியாகவே வாங்குவது நல்லது. நிறம் மட்டுமல்ல, இலையில் நோய் இருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கிழங்காக வாங்கினால் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். நல்ல கிழங்கு பச்சை இஞ்சியைப் போலக் கெட்டியாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெண்மையாகவோ மெல்லிய மஞ்சள் சாயலோடோ தெரியும். ஈரமண் வாசனை தவிர வேறு வாசனை வராது. கெட்டது விரலுக்கு நெகிழும். வெட்டிப் பார்த்தால் பழுப்பாகவும் நீர் கோத்ததுபோலவும் இருக்கும். புளித்த வாடை வரும். ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால், வெண்மையான சதை வரும்வரை வெட்டிக் கழித்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம்.

நடும் முறை எளியது. ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் கொண்ட குழி வெட்டி, எடுத்த மண்ணில் கூட்டெருவைக் கலந்து முக்கால் பங்கு நிரப்புங்கள். கிழங்கைப் படுக்கையாக, கண்கள் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலே 5 முதல் 10 சென்றிமீற்றர் மண் வருமாறு மூடுங்கள். மணலில் சற்று ஆழமாகவும் கெட்டி மண்ணில் சற்று மேலாகவும் வைப்பது நல்லது. உயரமான வகைகள் 2 மீற்றர் வரையும் எழும். அவற்றுக்கு 60 சென்றிமீற்றர் இடைவெளி விடுங்கள். குட்டை வகைகளுக்கு 45 போதும். நட்டதும் ஒருமுறை நன்றாக நீரூற்றுங்கள். அதன்பிறகு முளை வெளியே வரும்வரை மண் மெல்லிய ஈரமாக இருந்தால் போதும். வேர் இல்லாத கிழங்கு நீரைக் குடிக்காது; நீரில் கிடந்தால் அழுகும்.

இந்தக் கடைசி வரியை நான் இழப்பின் மூலம் கற்றேன். முதன்முதலில் வாங்கிய ஆறு கிழங்குகளையும் நவம்பர் முதல் வாரத்தில், கூரைப் பீலியின் நீர் வந்து விழும் மூலையில் நட்டேன். கல்வாழை நீரை விரும்பும் செடி என்று படித்திருந்ததால், அதுவே பொருத்தமான இடம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டியபோது, ஐந்து கிழங்குகள் கையோடு கூழாக வந்தன. மூலையின் மேட்டுப்பக்கம் இருந்த ஒன்று மட்டும் முளைத்திருந்தது. நான் படித்ததும் உண்மைதான்: வேர் பிடித்து இலை விட்ட கல்வாழை குளக்கரையிலும் நிற்கும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்புகளில்கூட அதை நடுகிறார்கள். ஆனால் புதிதாக வெட்டிய கிழங்குக்கும் வேர் பிடித்த செடிக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனாலேயே இங்கே அழுத்திச் சொல்கிறேன்: ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் கல்வாழைக் கிழங்கைப் புதிதாக வெட்டி நடாதீர்கள்.

மார்கழியில் பொறுமை

டிசம்பர் நடுப்பகுதி முதல் தைப்பொங்கல் வரையான நான்கு வாரங்களில் பெரிய வேலை எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது. மண்ணில் இன்னும் மழையீரம் நிற்கும். பூக்கவேண்டிய சில தண்டுகள் மீதமிருக்கும். இந்த வாரங்களில் பூக்கொத்துகளை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

வாடிய கொத்து ஒன்றை அருகில் சென்று பாருங்கள். நாம் இதழ் என்று எண்ணும் அகன்ற வண்ணப் பகுதிகள் உண்மையில் இதழ்களல்ல. உருமாறிய மகரந்தத் தாள்கள். அவை ஒரு நாளிலேயே துவண்டு, ஈரத் துணிபோலத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை விரலால் கிள்ளி எடுத்துவிட்டு, கொத்தின் காம்பைக் கீழ்நோக்கிப் பின்தொடருங்கள். இலை தண்டைத் தழுவும் இடத்தில், மெழுகு பூசியதுபோன்ற சாம்பற்பச்சை உறைக்குள் ஒரு சிறிய மொட்டுக்கூட்டம் மறைந்திருப்பதைப் பல தண்டுகளில் காணலாம். அது இரண்டாவது கொத்து. முதற் கொத்து வாடியவுடன் தண்டை அடியோடு வெட்டுபவர், இந்த இரண்டாவது கொத்தையும் சில வேளைகளில் மூன்றாவதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார். ஆகவே, அந்தப் பக்கமொட்டுக்கு ஒரு விரலளவு மேலே முதற் கொத்தை மட்டும் கத்தரியுங்கள். தண்டைத் தடவிப் பார்த்து, இனி மொட்டே இல்லை என்று உறுதியானபின் மட்டும் அதை மண்ணளவில் வெட்டுங்கள்.

பழுத்த அடி இலைகளைக் கையால் இழுத்துக் கழித்துவிடலாம். பச்சையாக உள்ள இலைகளை, ஓரம் காய்ந்திருந்தாலும், விட்டுவிடுங்கள். கிழங்குக்கு உணவு சேர்ப்பவை அவைதான்.

தை பிறந்தபின் வெட்டலும் பிரித்தலும்

பொங்கல் கழிந்த வாரம்தான் என் வீட்டில் கல்வாழைக்கான வாரம். மழை குறைந்துவிட்டது, மண் இன்னும் கல்லாகவில்லை, வெயில் இதமாக இருக்கிறது. வெட்டுக்காயம் அழுகாமல் ஆறுவதற்கு இதைவிட நல்ல காலம் கொழும்பில் கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு. பிரித்து நட்ட கிழங்கு இந்த வெப்பத்தில் ஏறக்குறைய 8 முதல் 12 வாரங்களில் பூக்கும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் நட்டால் சித்திரைப் புத்தாண்டுக்கு வாசலில் பூ நிற்கும்.

எல்லாக் குற்றிகளையும் (கிழங்கும் தண்டுகளும் சேர்ந்த செடித் தொகுதிகளை) ஒவ்வொரு வருடமும் பிரிக்கவேண்டியதில்லை. நட்டு இரண்டு வருடமாகியும் தண்டுகள் மெலிந்து, பூக்கள் சிறுத்து, குற்றியின் நடுப்பகுதி வெறுமையாகி, விளிம்பில் மட்டும் முளை வந்தால் அது பிரிக்கச் சொல்கிறது என்று பொருள். மற்றவற்றில் முடிந்த தண்டுகளை மண்ணளவில் வெட்டி, இரண்டு கை கூட்டெரு போட்டு, நீரூற்றிவிட்டால் போதுமானது.

பிரிப்பதற்கு முதல் நாள் மாலை குற்றிக்கு நன்றாக நீரூற்றுங்கள். மறுநாள் காலையில் தண்டுகளை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டுங்கள். குற்றியிலிருந்து ஓரடி தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியால் கொத்தி, பின் அலவாங்கை அடியில் கொடுத்து நெம்பினால் முழுக் குற்றியும் எழும்பி வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டு மட்டும் கையோடு வந்து, கண் அங்கேயே முறிந்துவிடும். மண்ணை உதறி, குழாய் நீரில் கழுவினால் கிழங்கின் அமைப்பு தெளிவாகத் தெரியும்: நடுவே பழுப்பேறிய பழைய கிழங்கு, அதிலிருந்து நாற்புறமும் கிளைத்த வெளிறிய இளங்கிழங்குகள், அவற்றின் முனையில் கூர்மையான கண்கள்.

கூர்மையான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் இரண்டோ மூன்றோ கண்கள் இருக்கும்படி, உள்ளங்கை நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு கண்ணோடும் முளைக்கும். ஆனால் அது இறந்தால் மாற்று இல்லை, பூக்கவும் நாளாகும். நடுவிலுள்ள பழைய பகுதியை எறிந்துவிடுங்கள். ஒரு குற்றியை முடித்து அடுத்ததற்குப் போகுமுன், கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள் அல்லது நெருப்பில் காட்டுங்கள். காரணத்தை நோய் பற்றிய பகுதியில் சொல்கிறேன். வெட்டிய முகத்தில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் கிடத்துங்கள். வெட்டுமுகம் காய்ந்து தோல்போல ஆனதும் முன்பு சொன்னபடி நடுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் சுருட்டிய இலை ஊசிபோல மண்ணைத் துளைத்து வரும்.

ஒரு பெரிய குற்றியிலிருந்து பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். எல்லாவற்றையும் அதே பாத்தியில் நெருக்கி நடும் ஆசையைத் தவிர்த்து, நான்கை மட்டும் நட்டுவிட்டு மீதியை அயலவர்களுக்குக் கொடுங்கள். நாளை உங்கள் செடி நோயில் போனால், அதே நிறத்தைத் திரும்ப வாங்க ஒரு வீடு இருக்கும்.

நீரும் உரமும்

முளை ஒரு சாண் உயரம் வந்ததும் கல்வாழையின் குணம் மாறிவிடும். அதன்பின் அது நீரைத் தாராளமாகக் கேட்கும். ஜனவரி, பெப்ரவரியில் மணல் நிலத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும், கெட்டி நிலத்துக்கு வாரம் இருமுறையும், குற்றிக்கு ஒரு வாளி வீதம் காலையில் ஊற்றுங்கள். இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுவது முக்கியம். சுற்றிலும் காய்ந்த இலையையோ உரிமட்டையையோ மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். மட்டையைக் குழிப்பக்கம் கீழ்நோக்கி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு நுளம்பு வளர்க்கும் கிண்ணமாகிவிடும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும்.

உரத்துக்குக் கூட்டெருவே போதும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில் நம்மில் பலர் வேறு வழியின்றி வீட்டிலேயே கூட்டெரு செய்யத் தொடங்கினோம். பூஞ்செடிகளைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்தை விடாதிருப்பது நல்லது. மாதம் ஒருமுறை குற்றிக்கு இரண்டு கை கூட்டெருவும், மொட்டு வரும் காலத்தில் ஒரு சிறங்கை விறகுச் சாம்பலும் போடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலை கருகருவென்று வரும், பூ பின்தங்கும்.

நோயும் பூச்சியும்

இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி போன்ற புள்ளிகள் தெரிந்தால் அது துரு நோய். விரலால் தடவினால் பொடி ஒட்டும். ஈரக் காற்றும் நெருக்கமும் இதை வளர்க்கும். அந்த இலைகளை வெட்டி எரித்துவிடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். தை மாத வெட்டலின்போது நோய்பட்ட தண்டுகளை முழுவதுமாகக் கழித்தால், உலர்ந்த காலத்தில் வரும் புதிய இலைகள் பெரும்பாலும் சுத்தமாக வரும்.

இதைவிடக் கவலைக்குரியது வைரசு நோய். இலை நரம்புகளை ஒட்டி ஒழுங்கற்ற மஞ்சள் கீற்றுகளும் திட்டுகளும் தோன்றி, பின்னர் அவை காய்ந்து பழுப்பாகும். பூவின் நிறமும் உடைந்து திட்டுத்திட்டாக வரும். இதற்கு மருந்து இல்லை. கிழங்கு வழியாகவும், சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியாகவும் பரவும். வெட்டும் கத்தியும் கொண்டுபோகக்கூடும் என்பதால்தான் கத்தியைத் துடைக்கச் சொன்னேன். நோயென்று உறுதியானால் கிழங்கோடு தோண்டி எரித்துவிடுங்கள். மனம் இரங்கி ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொள்வதால் பாத்தி முழுவதும் போகும். ஆனால் அவசரப்பட்டும் எரித்துவிடாதீர்கள். இயற்கையிலேயே மஞ்சள் வரிகள் கொண்ட இலையுள்ள வகைகள் உண்டு. அவற்றில் வரிகள் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை சீப்பால் வாரியதுபோல ஒழுங்காக, எல்லா இலையிலும் ஒரே மாதிரி ஓடும். நோயில் அந்த ஒழுங்கு இருக்காது.

விரிந்த இலையில் ஒரே கோட்டில் வரிசையாக ஓட்டைகள் இருந்தால், இலை சுருண்டு குருத்தாக இருந்தபோதே புழு ஒருபக்கமிருந்து மறுபக்கம் துளைத்திருக்கிறது. விரியாமல் நிற்கும் குருத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தால் கறுப்பு எச்சமும் புழுவும் இருக்கும், கையால் எடுத்துவிடலாம். அதிகமாக இருந்தால் ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயையும் சில துளி சவர்க்கார நீரையும் கலக்கி மாலையில் தெளியுங்கள். ஆபிரிக்க நத்தைகளை மழையிரவில் டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்கி, உப்பு நீர் வாளியில் போடுவதைவிடச் சிறந்த வழி எதையும் நான் காணவில்லை. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்.

சாடிகளில் வளர்ப்பவர்களுக்கு

மாடி முகப்பில் வளர்ப்பவர்கள் குட்டை வகையைத் தேர்ந்து, குறைந்தது ஓரடி அகலமுள்ள சாடியில் ஒரே கிழங்கை நடவேண்டும். சாடிக்குள் கிழங்கு விரைவில் நெருங்குவதால் ஒவ்வொரு தையிலும் பிரித்தே ஆகவேண்டும். சாடியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீர் கிழங்குக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் வீடு. சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு பார்க்க வரும்போது முதலில் தூக்கிப் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான். இலை தண்டோடு சேரும் இடுக்குகளிலும் நீர் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, தண்டை மெல்லச் சாய்த்து வடித்துவிடுங்கள்.

மலையகத்தில் வீடுள்ளவர்களுக்கு

கொழும்பில் வேலை செய்துகொண்டு நுவரெலியாவிலோ அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலோ பெற்றோர் வீடு உள்ளவர்கள் இங்கிருந்து கிழங்கு கொண்டுபோவது உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன நாட்காட்டி பொருந்தாது. ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் தரையில் உறைபனி படிவதுண்டு. தேயிலைக் கொழுந்தே கருகும் குளிரில் கல்வாழை இலையும் கருகும். ஆயினும் அது மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கை உறையவைக்கும் குளிரல்ல. எனவே தோண்டி எடுக்கத் தேவையில்லை. டிசம்பர் இறுதியில் குற்றியின் மேல் காய்ந்த புல்லையோ இலையையோ அரையடி உயரத்துக்குக் குவித்து, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இரவுகளில் மேலே ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். இலை கருகினால் பதறவேண்டாம். கருகியதை வெட்டிவிட்டுக் குவியலை அப்படியே விடுங்கள். மார்ச்சில் குவியலை விலக்கி, அப்போதுதான் பிரித்து நடவேண்டும். அதுவரை நீரை மிகக் குறைவாக ஊற்றுங்கள். குளிர்ந்த மண்ணில் உறங்கும் கிழங்குக்கு ஈரமே பகை.

விதையிலிருந்து

பூவைக் கழிக்காமல் விட்டால், முள்முள்ளாக மேடுபட்ட முப்பிரிவுக் காய் வந்து, காய்ந்து வெடித்து, மிளகைவிடப் பெரிய கறுப்பு மணிகளைத் தரும். அவற்றின் தோல் மிகக் கடினமானது. அப்படியே நட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, உள்ளே வெண்மை ஒரு புள்ளியளவு தெரிந்ததும் நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து நட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். ஆனால் இன்று நாம் வளர்க்கும் பெரும்பூ வகைகள், 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தெயோடோர் அன்னே, லியோன் நகரத்துக் குரோசி போன்றவர்கள் தொடங்கிய கலப்பின வேலையின் வழிவந்தவை. அவற்றின் விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. நிறம் முக்கியமென்றால் கிழங்கு, பொறுமையும் ஆவலும் உண்டென்றால் விதை.

அடுத்த மழைக்கு முன்

தையில் நட்டவை சித்திரையில் பூத்து, மே மாத மழையில் தழைத்து, ஓகஸ்டில் குற்றி நிறைந்து நிற்கும். செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: முடிந்த தண்டுகளைக் கழித்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள், மூடாக்கை விலக்கி மண்ணைக் குற்றியின் அடிக்கு லேசாக அணைத்து மேடாக்குங்கள், கூரைப் பீலியைத் துப்புரவு செய்து, அதன் நீர் பாத்திக்குள் விழாமல் வெளியே ஓட, மண்வெட்டியின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஒக்டோபர் முதல் மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பாத்தியில் அரைமணி நேரத்துக்கு மேல் நீர் நின்றால், வாய்க்காலை அன்றைக்கே இன்னும் இரண்டு விரல் ஆழமாக்குங்கள்.